நாற்காலியில் பிறந்த ஜேம்ஸ்பாண்டு

ஜேம்ஸ்பாண்டு படம் ஒன்றைக்கூடப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. தமிழ்ப் படங்களில் கைத்துப்பாக்கியுடன் வலம் வந்த ஜெய்சங்கரை ரசிகர்கள் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு என்றே அழைத்தார்கள். உதய்ப்பூரில் எடுக்கப்பட்டு 1983-ல் வெளிவந்த 'ஆக்டோபசி' படத்தில், சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், பாண்டுக்கு உதவும் ஆளாக நடித்தார்.

இத்தனைக்கும் தொடக்கம் 1962-ல் வெளியான 'டாக்டர் நோ' என்ற ஒரே படம். குறைந்த செலவில், அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு நடிகரைக் கதாநாயகனாகப் போட்டு எடுத்த படம். அதன் பிறகு பெரிய செலவில் எத்தனையோ பாண்டு படங்கள் வந்து விட்டன. ஆனாலும் முதல் படத்தை இன்று போட்டுப் பார்த்தாலும் எழுந்து போக மனம் வருவதில்லை. அந்தக் கவர்ச்சி எங்கிருந்து வந்தது என்று தேடினால், கதையை எழுதிய இயான் பிளெமிங்கின் வாழ்க்கையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் உளவுத் துறையில் வேலை பார்த்தவர். ஆனால் பாண்டு போலத் துப்பாக்கி தூக்கி அலைந்தவர் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு எழுதியவர்.

தந்தையும் அண்ணனும்

1908-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி லண்டனில் பிளெமிங் பிறந்தார். பாட்டனார் ராபர்ட் பிளெமிங், ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் எளிய குடும்பத்தில் பிறந்து, சொந்தமாக பாங்கு நடத்தும் அளவுக்கு உயர்ந்தவர். தந்தை வாலண்டைன் பாராளுமன்ற உறுப்பினர். முதல் உலகப்போர் வந்ததும் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். 1917-ம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டுப் போர்முனையில் ஜெர்மன் குண்டு வீச்சில் மாண்டார். இயானுக்கு ஒன்பது வயது நிறைய இன்னும் எட்டு நாள் இருந்தது.

வாலண்டைனைப் பற்றி 'டைம்ஸ்' பத்திரிகையில் இரங்கல் கட்டுரை எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில். அந்தக் கட்டுரைக்குச் சட்டம் போட்டுப் பிளெமிங் கடைசிவரை பாதுகாத்து வைத்திருந்தார். போர்க்களத்தில் உயிர் விட்ட தந்தை ஒரு பக்கம். படிப்பில் முதல், எழுத்தில் புகழ், ஊர் சுற்றுவதில் தீரம் என்று விளங்கிய அண்ணன் பீட்டர் இன்னொரு பக்கம். பிரேசில் காடுகளுக்குப் போய் வந்து பீட்டர் எழுதிய நூல் 1933-ல் சக்கைப்போடு போட்டது. இந்த இருவருக்கும் நடுவில்தான் இயான் வளர்ந்தார்.

ஈட்டன் பள்ளியில் ஓட்டப்பந்தயங்களில் பரிசு வாங்கினார். படிப்பு சுமார்தான். சாண்டர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, அதிகாரி ஆகாமலே விலகினார். தாயார் அவரை ஆஸ்திரியாவுக்கும், பிறகு மூனிச், ஜெனீவா நகரங்களுக்கும் படிக்க அனுப்பினார். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகள் வந்தன. வெளிநாட்டு இலாகா வேலைக்கான பரீட்சை எழுதினார். இடம் கிடைக்கவில்லை.

1931-ல் ராய்ட்டர் செய்தி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கேதான் அவர் வேகமாகவும் தெளிவாகவும் எழுதப் பழகினார். 1933-ல் மாஸ்கோவில் நடந்த ஒரு வழக்குக்கு அனுப்பப்பட்டார். மெட்ரோ விக்கர்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆறு பிரிட்டிஷ் என்ஜினீயர்கள், ஒற்று வேலையும் நாச வேலையும் செய்ததாக ரஷ்ய அரசு தொடுத்த வழக்கு அது. ஸ்டாலினைப் பேட்டி காண வேண்டும் என்று பிளெமிங் விண்ணப்பித்தார். நேரம் இல்லை என்று ஸ்டாலின் கையெழுத்திட்ட பதில்தான் வந்தது.

அந்த வேலையிலும் அவர் நிலைக்கவில்லை. பாட்டனார் அதே 1933-ல் இறந்தபோது பேரனுக்கு நேராக எதுவும் எழுதி வைக்கவில்லை. தந்தையின் சொத்து, தாயார் மறுமணம் செய்யாத வரை அவரிடம் இருக்கும் என்று உயிலில் எழுதப்பட்டிருந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆனால் கையில் பணம் இல்லை. பிளெமிங் பத்திரிகை வேலையை விட்டு பாங்குத் தொழிலுக்கும், பிறகு பங்குத் தரகுத் தொழிலுக்கும் போனார். இரண்டிலும் அவர் சோபித்ததாகத் தெரியவில்லை.

அறை எண் 39

1939-ல் இரண்டாம் உலகப்போர் மூள இருந்த நேரத்தில் அவருடைய வாழ்க்கை மாறியது. பிரிட்டிஷ் கப்பற்படை உளவுத் துறையின் தலைவர் அட்மிரல் ஜான் காட்பிரே, தமக்கு ஓர் அந்தரங்க உதவியாளர் தேடிக்கொண்டிருந்தார். பிளெமிங் தேர்ந்தெடுக்கப்பட்டார். லண்டன் கப்பற்படைத் தலைமையகத்தில் 39-ம் எண் அறையில் அவருக்கு மேஜை. கடுகடுப்பான இந்த அட்மிரல்தான் பின்னாளில் பாண்டு கதைகளில் 'எம்' என்ற அதிகாரியாக உருவெடுத்தார் என்பார்கள்.

போர் தொடங்கிய செப்டம்பர் மாதமே காட்பிரேயின் பெயரில் ஒரு ரகசியக் குறிப்பு சுற்றுக்கு வந்தது. ஜெர்மானியரை ஏமாற்றுவதற்கான யோசனைகள் அடங்கிய நீண்ட பட்டியல் அது. நடையைப் பார்த்தால் பிளெமிங்கின் கைவேலை தெரிகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. பொய்யான தஸ்தாவேஜுகளை ஒரு பிணத்தின் சட்டைப்பையில் வைத்து எதிரி கையில் சிக்கும்படி செய்யலாம் என்பது அதில் ஒன்று. ஒரு பழைய துப்பறியும் நாவலிலிருந்து எடுத்த யோசனை. 1943-ல் வேறு அதிகாரிகள் அதை உண்மையாகவே செய்து காட்டினார்கள். ஸ்பெயின் கடற்கரையில் ஒதுங்கிய பிணத்தின் கடிதங்களை நம்பிய ஹிட்லர், தாக்குதல் சிசிலியில் அல்ல, கிரீசில் வரும் என்று எண்ணி ஏமாந்தான்.

பிளெமிங்கின் சொந்தத் திட்டம் ஒன்றும் உண்டு. ஜெர்மன் கப்பற்படையின் சங்கேத மொழிப் புத்தகம் பிரிட்டனுக்குத் தேவைப்பட்டது. பிடிபட்ட ஜெர்மன் குண்டு வீச்சு விமானம் ஒன்றில் ஜெர்மன் உடை அணிந்த ஆட்களை ஏற்றி, ஆங்கிலக் கால்வாயில் வேண்டுமென்றே விழச் செய்வது. காப்பாற்ற வரும் ஜெர்மன் படகைக் கைப்பற்றி, புத்தகத்தை அள்ளிக்கொண்டு வருவது. 1940-ல் ஏற்பாடுகள் எல்லாம் நடந்தன. ஏற்ற படகு எதுவும் அந்தப் பக்கம் வராததால் திட்டம் கைவிடப்பட்டது. அச்சு அசலாக ஒரு சினிமாக் காட்சி!

எதிரி எல்லைக்குள் நுழைந்து ரகசியக் காகிதங்களைக் கைப்பற்றுவதற்கென்றே 1942-ல் ஒரு தனிப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அதற்கு லண்டனிலிருந்து வழிகாட்டியவர் பிளெமிங். எந்தக் கட்டடத்தில் எந்த அலமாரியைத் தேட வேண்டும் என்பதுவரை எழுதிக் கொடுப்பார். ஆனால் கூடப் போக அவருக்கு அனுமதி இல்லை. அவருக்குத் தெரிந்த ரகசியங்கள் அதிகம். பிடிபட்டால் ஆபத்து. அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரான்சின் டீயப் துறைமுகத்தில் தாக்குதல் நடந்தபோது, கரைக்கு அப்பால் நின்ற கப்பலிலிருந்து பார்க்கத்தான் அவரால் முடிந்தது. கரையில் மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

தந்தை நின்ற இடத்தில் தான் நிற்கவில்லையே என்ற குறை அவரை அரித்திருக்க வேண்டும். பாண்டு என்ற மனிதன் எங்கே உருவானான் என்று கேட்டால், அந்தக் கப்பல் தளத்தைத்தான் காட்டத் தோன்றுகிறது.

கரும்புத் தீவில் ஒரு வீடு

அதே 1942-ல் ஓர் உளவு மாநாட்டுக்காக ஜமைக்கா தீவுக்குப் போனார் பிளெமிங். ஒரே மழை. இருந்தும் ஊர் பிடித்துப் போயிற்று. போர் முடிந்ததும் இங்கேதான் வாழ்வது, புத்தகம் எழுதுவது என்று கூட வந்த நண்பரிடம் சொல்லிவிட்டார். நண்பர் உதவியுடன் ஒராகபெஸ்ஸா என்ற சிற்றூரில் கடலோரமாக நிலம் வாங்கி, ஆடம்பரம் இல்லாத ஒரு வீட்டைக் கட்டினார். போர்க்காலத் திட்டம் ஒன்றின் சங்கேதப் பெயரான 'கோல்டன் ஐ' என்பதையே வீட்டுக்கு வைத்தார்.

லண்டனில் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையை நடத்திய கெம்ஸ்லி நிறுவனத்தில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குத் தலைவராகச் சேர்ந்தார். குளிர்காலத்தில் ஜமைக்கா போய்வர ஆண்டுதோறும் நீண்ட விடுமுறை தர வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் எழுதப் போவதாகச் சொன்ன புத்தகம் ஆறு ஆண்டாகியும் எழுதப்படவில்லை.

1952-ம் ஆண்டு தொடக்கத்தில்தான் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தார். அவருக்கு அப்போது வயது 43. பல ஆண்டுகளாகப் பழகி வந்த ஆன் என்ற சீமாட்டி, பத்திரிகை முதலாளியான கணவரை விவாகரத்து செய்துவிட்டு இவரை மணக்கக் காத்திருந்தார். வயிற்றில் குழந்தை. கல்யாணப் படபடப்பை மறக்கவே எழுதத் தொடங்கினேன் என்ற பொருளில் பிளெமிங் பின்னர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. காலையில் கடலில் குளியல், பிறகு மூன்று மணி நேரம் எழுத்து, மாலையில் இன்னும் ஒரு மணி நேரம். நாளொன்றுக்கு சுமார் 2,000 வார்த்தைகள். திருத்துவதற்காகத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மார்ச் மாதம் 'கசினோ ராயல்' முடிந்தது. அதே மாதம் 24-ந் தேதி திருமணமும் முடிந்தது.

கதாநாயகனுக்கு அலங்காரம் இல்லாத பெயர் வேண்டும் என்று தேடியவர், தம் மேஜையில் இருந்த மேற்கிந்தியத் தீவுப் பறவைகள் பற்றிய நூலைப் பார்த்தார். அதை எழுதிய அமெரிக்கப் பறவை நிபுணரின் பெயர் ஜேம்ஸ் பாண்டு. உலகத்தின் மிகப் பிரபலமான உளவாளிக்கு, காக்கை குருவிகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு சாதுவின் பெயர்!

அதன் பிறகு ஆண்டுக்கொரு நாவல் என்று எழுதினார். புத்தகங்கள் விற்றன. ஆனால் வீட்டில் மதிப்பு இல்லை. மனைவி ஆனின் நண்பர்கள் எல்லாம் பெரிய இலக்கியவாதிகள். பிளெமிங்கின் கதைகளை அவர்கள் கேலி செய்தார்கள். வெளியே விமர்சகர்களும் சும்மா இருக்கவில்லை. 1958-ல் 'டாக்டர் நோ' நாவல் வெளியானபோது, வக்கிரமும் வறட்டுக் கவுரவமும் கலந்த குப்பை என்ற தோரணையில் ஓர் இளம் விமர்சகர் அதைக் கிழித்துத் தள்ளினார்.

கைகூடாத சினிமா ஆசை

பிளெமிங்குக்கு சினிமா ஆசை முதலிலிருந்தே இருந்தது. ஆனால் ராசி இல்லை. 'கசினோ ராயல்' 1954-ல் அமெரிக்க டெலிவிஷனில் ஒரு மணி நேர நாடகமாக வந்து போயிற்று. அதன் சினிமா உரிமையை மறு ஆண்டே 6,000 டாலருக்கு விற்று விட்டார். 1956-ல் ஜமைக்காவை நிலைக்களனாக வைத்து அமெரிக்க டெலிவிஷன் தொடர் ஒன்றுக்குக் கதை எழுதிக் கொடுத்தார். தொடர் வரவில்லை. எழுதியதை வீணாக்க மனமில்லாமல் அதையே நாவலாக மாற்றினார். அந்த நாவல்தான் 'டாக்டர் நோ'. கைவிடப்பட்ட ஒரு டெலிவிஷன் கதை இப்படித்தான் உலகப் புகழ் பெற்ற படவரிசைக்கு விதையாயிற்று.

பிறகு கெவின் மெக்லோரி என்ற தயாரிப்பாளருடனும் ஓர் எழுத்தாளருடனும் சேர்ந்து ஒரு திரைக்கதை தயாரித்தார். அதுவும் படமாகவில்லை. அந்தக் கதையைத் 'தண்டர்பால்' என்ற நாவலாக எழுதி, கூட்டாளிகள் பெயரைப் போடாமல் 1961-ல் வெளியிட்டார். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இந்த விஷயத்தில் தவறு பிளெமிங்கின் பேரில்தான்.

அந்த 1961 அவருக்கு விசித்திரமான ஆண்டு. மார்ச் மாதம் ஜனாதிபதி கென்னடிக்குப் பிடித்த பத்து நூல்களின் பட்டியலை 'லைப்' பத்திரிகை வெளியிட்டது. வரலாற்று நூல்களுக்கு நடுவே ஒரு ஜேம்ஸ்பாண்டு நாவலும் இருந்தது. அமெரிக்காவில் விற்பனை எகிறியது. ஏப்ரலில் பத்திரிகை அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோதே பிளெமிங்குக்கு மாரடைப்பு ஏற்பட்டது. நாளொன்றுக்கு 60, 70 சிகரெட் பிடித்தவர். படுக்கையில் கிடந்தபடி, மகன் காஸ்பருக்குச் சொன்ன பறக்கும் மோட்டார் கார் கதையை எழுதினார். அதே ஆண்டு ஹாரி சால்ட்ஸ்மன், ஆல்பர்ட் பிராக்கோலி என்ற இரு தயாரிப்பாளர்கள் கூட்டுச் சேர்ந்து, பாண்டு கதைகளைப் படமாக்க யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியின் ஆதரவைப் பெற்றார்கள். கிடைத்த பணம் சுமார் 10 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு.

சிக்கனத்தில் பிறந்த ஜாலம்

கதாநாயகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஷான் கானரி. எடின்பரோ நகரத் தொழிலாளி மகன். பால் வண்டி ஓட்டியவர், சவப்பெட்டிக்குப் பாலிஷ் போட்டவர். கனவானாக நடிக்க இந்த முரட்டு ஆள் சரிப்படுவாரா என்று பிளெமிங்குக்கே சந்தேகம். டைரக்டர் டெரன்ஸ் யங் தம் சொந்தத் தையற்காரரிடம் கானரியை அழைத்துப்போய் உடை தைத்து, நடக்கவும் உட்காரவும் சாப்பிடவும் பழக்கினார்.

படம் எப்படித் தொடங்குகிறது பாருங்கள். ஜமைக்கா வீதியில் மூன்று குருட்டுப் பிச்சைக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு நடந்து வருகிறார்கள். நமக்குப் பரிதாபம்தான் தோன்றுகிறது. மறு நிமிடம் அவர்கள் துப்பாக்கியை எடுத்து பிரிட்டிஷ் ஏஜெண்டைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். அடுத்து லண்டன் சூதாட்ட விடுதி. பாண்டின் கையையும் முதுகையும் காட்டுகிறார்களே ஒழிய முகத்தைக் காட்டுவதில்லை. எதிரே இருக்கும் பெண் பெயரைக் கேட்ட பிறகே, சிகரெட்டைப் பற்றவைக்கும் முகம் திரையில் வருகிறது. அதற்குள் அரங்கமே அந்த முகத்துக்காக ஏங்கத் தொடங்கிவிடுகிறது.

அப்புறம் மேலதிகாரி 'எம்' அவனுடைய பழைய துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கும் காட்சி. உலகத்தையே மிரட்டப் போகிறவன், ஆபீசில் மேலாளர் முன் திட்டு வாங்கும் குமாஸ்தாபோல நிற்கிறான்! இதற்குப் பின்னணி உண்டு. பாண்டு வைத்திருக்கும் சிறிய துப்பாக்கி பெண்களின் கைப்பைக்குத்தான் லாயக்கு என்று ஆயுத நிபுணர் ஜெப்ரி பூத்ராய்டு பிளெமிங்குக்குக் கடிதம் எழுதியிருந்தார். பிளெமிங் கோபிக்கவில்லை. அவர் சொன்ன வால்தர் துப்பாக்கியையே அடுத்த நாவலில் சேர்த்து, ஆயுத அதிகாரிக்கு அவர் பெயரையே சூட்டினார்.

ஓட்டல் அறையை விட்டு வெளியே போகும்முன் பாண்டு தலைமயிர் ஒன்றைப் பிடுங்கி, எச்சில் தொட்டு அலமாரிக் கதவின் குறுக்கே ஒட்டுகிறான். பெட்டிப் பூட்டில் பவுடர் தூவுகிறான். திரும்பி வந்ததும் யாரோ நுழைந்தது தெரிந்துவிடுகிறது. செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. பின்னால் வந்த படங்களில் மோட்டார் கார் கடலுக்குள் ஓடியது, மனிதன் விண்வெளிக்குப் பறந்தான். இந்த ஒற்றை மயிரின் நம்பகத்தன்மை அவற்றில் இல்லை. எந்த அலமாரி, எந்தப் பூட்டு என்று 39-ம் எண் அறையில் ஆண்டுக்கணக்கில் யோசித்தவரின் உலகம் இது.

வில்லன் டாக்டர் நோவின் கோட்டையைக் கலை டைரக்டர் கென் ஆடம் சொற்பப் பணத்தில் அமைத்தார். பேராசிரியர் டெண்டு விஷச் சிலந்தியைப் பெற்றுச் செல்லும் அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, கூரையில் வட்டமான கம்பிச் சட்டம், அதன் நிழல். அவ்வளவுதான். பார்த்தால் குலை நடுங்குகிறது. லண்டன் ஓவியக் கூடத்திலிருந்து 1961-ல் திருட்டுப்போன வெலிங்டன் பிரபுவின் ஓவியத்தின் நகலையும் வில்லன் மாளிகையில் வைத்துவிட்டார்கள். அதைக் கண்டு பாண்டு ஒரு கணம் நிற்கும்போது லண்டன் கொட்டகைகளில் சிரிப்பு வெடித்தது.

பாண்டு படம் என்றாலே காதில் ஒலிக்கும் அந்த இசைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. டிரினிடாடு தீவில் குடியேறிய இந்தியக் குடும்பத்தைப் பற்றி வி.எஸ்.நைப்பால் எழுதிய 'மிஸ்டர் பிஸ்வாசுக்கு ஒரு வீடு' நாவலை இசை நாடகமாக்க ஒரு முயற்சி நடந்தது. அதற்காக மான்டி நார்மன் இந்தியச் சாயலில் ஒரு மெட்டுப் போட்டார். நாடகம் மேடை ஏறவில்லை. மெட்டு மேஜை அறைக்குள் கிடந்தது. அதை எடுத்துத்தான் பாண்டுக்குக் கொடுத்தார். ஜான் பாரி அதற்கு கிதாரும் வாத்தியங்களும் சேர்த்து முறுக்கேற்றினார். யார் உண்மையான கர்த்தா என்ற சர்ச்சையில் 2001-ல் நார்மன் வழக்கில் வென்றார். தோற்ற பத்திரிகை, பிளெமிங் வேலை பார்த்த அதே 'சண்டே டைம்ஸ்'.

படத்தில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. சீன வில்லனாக வெள்ளைக்காரரான ஜோசப் வைஸ்மனுக்குக் கண்ணை மாற்றி வேஷம் போட்டது இன்று உறுத்துகிறது. உயிரைப் பணயம் வைத்து உதவும் ஜமைக்காப் படகோட்டியிடம் தன் செருப்பை எடுத்துவரச் சொல்கிறான் பாண்டு. ஜமைக்கா விடுதலை பெற்றது 1962 ஆகஸ்டு 6-ந் தேதி. படம் எடுத்தபோது அது பிரிட்டிஷ் காலனி, வெளியானபோது தனி நாடு. அந்த ஒரு காட்சியில் பழைய எஜமானத்தனம் அப்படியே பதிவாகி நிற்கிறது.

படப்பிடிப்பு நடந்த அந்தக் குளிர்காலத்தில் பிளெமிங் தம் ஜமைக்கா வீட்டில் அடுத்த நாவலை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நண்பர்களுடன் கடற்கரைக்கு வேடிக்கை பார்க்கப் போனார். அர்சுலா ஆண்ட்ரஸ் கடலிலிருந்து எழுந்து வரும் காட்சி தயாராகிக்கொண்டிருந்தது. காமிராவுக்கு எதிரே யாரோ நடந்து வருவதைக் கண்டு டைரக்டர் கையை வீசி, மணலில் படுக்கும்படி சைகை செய்தார். கதாசிரியரும் நண்பர்களும் அப்படியே குப்புறப் படுத்தார்கள். படப்பிடிப்பு மும்முரத்தில் அவர்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வெகு நேரம் கழித்தே ஆளை அனுப்பி எழுப்பினார்களாம். எழுதிக்கொண்டிருந்த நாவலில் அர்சுலா ஆண்ட்ரசின் பெயரையே ஓரிடத்தில் பிளெமிங் நுழைத்துவிட்டார்.

இரண்டே படங்கள்

1962 அக்டோபர் 5-ந் தேதி லண்டனில் 'டாக்டர் நோ' வெளியாயிற்று. அமெரிக்க ராக்கெட்டுகளைக் கரிபியன் தீவு ஒன்றிலிருந்து திசை திருப்பும் வில்லனின் கதை. பதினேழு நாள் கழித்து, ஜமைக்காவுக்குப் பக்கத்துத் தீவான கியூபாவில் ரஷ்யா ஏவுகணைத் தளம் அமைத்திருப்பதாகக் கென்னடி உலகுக்கு அறிவித்தார். அணு யுத்தம் வருமோ என்று உலகம் கதிகலங்கியது. பிளெமிங்கின் கற்பனை, பத்திரிகையின் முதல் பக்கத்தோடு போட்டி போட்டது. ஒரு தனி மனிதன் போய் அப்படிப்பட்ட ஆபத்தை நிறுத்திவிட்டு வருவதை அன்று பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

படம் போட்ட முதலைப் பல மடங்காக எடுத்தது. கானரியைச் சந்தேகித்த பிளெமிங்கும் மனம் மாறினார். பின்னர் எழுதிய நாவலில் பாண்டின் தந்தை ஸ்காட்லாந்துக்காரர் என்று சேர்த்தார். 1963-ல் இரண்டாவது படம் இஸ்தான்புல்லில் எடுக்கப்பட்டபோது அங்கேயும் போய் வந்தார்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. டாக்டர்கள் சொல்லியும் சிகரெட்டையும் மதுவையும் விடவில்லை. 1963 நவம்பரில் 'தண்டர்பால்' வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. சமரசம் செய்துகொண்டு, சினிமா உரிமையை மெக்லோரிக்கு விட்டுக்கொடுத்தார். 1964 ஜூலை இறுதியில் தாயார் இறந்தார். தடுத்தும் கேளாமல் இறுதிச் சடங்குக்குப் போனார். ஆகஸ்டு 11-ந் தேதி சாண்ட்விச் என்ற ஊரில் தமக்குப் பிரியமான கோல்ப் கிளப்புக்குப் போய் நண்பர்களுடன் மதிய உணவு சாப்பிட்டார். இரவு மீண்டும் மாரடைப்பு. ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம், உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். 12-ந் தேதி அதிகாலை காண்டர்பரி ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 56. அன்று மகன் காஸ்பருக்குப் பன்னிரண்டாவது பிறந்த நாள்.

மூன்றாவது படமான 'கோல்ட்பிங்கர்' அடுத்த மாதம் 17-ந் தேதி லண்டனில் வெளியாகி, வசூலில் முந்தைய இரண்டையும் தூக்கி அடித்தது. அதில் வரும் கோல்ப் பந்தயத்தை, சாண்ட்விச் மைதானத்தை மனதில் வைத்துத்தான் பிளெமிங் எழுதியிருந்தார். படத்தை அவர் பார்க்கவில்லை. மகன் காஸ்பர் 1975-ல் இளம் வயதிலேயே இறந்தார். மனைவி ஆன் 1981-ல் காலமானார். இங்கிலாந்தில் செவன்ஹாம்ப்டன் என்ற சிறு கிராமத்து மாதா கோயில் தோட்டத்தில் மூவரும் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஜமைக்கா வீட்டைப் பின்னர் வாங்கியவர், 'டாக்டர் நோ' படப்பிடிப்பின்போது இடம் பார்த்துக் கொடுக்கும் வேலைக்கு வந்த கிறிஸ் பிளாக்வெல். அந்த வீட்டில் இப்போது ஓட்டல் நடக்கிறது.